எந்த வரியில் நின்றாய்?

1951ஆம் ஆண்டு நாகர்கோவிலிலிருந்து ஒரு மலர் வெளிவந்தது: புதுமைப்பித்தன் நினைவு மலர். அதைக் கொண்டுவந்த சுந்தர ராமசாமிக்கு அப்போது வயது இருபது. சிறுவயதில் மூட்டுவாத நோயால் படுக்கையில் கிடந்து பள்ளிப் படிப்பைத் தொலைத்தவர். கோட்டயத்தில் வளர்ந்ததால் மலையாளம் முதலில் கைவந்தது. தமிழ் எழுதப் படிக்கப் பதினெட்டு வயதில்தான் கற்றுக்கொண்டார். அவர் தமிழைக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய நேரத்தில் புதுமைப்பித்தன் உயிரோடு இல்லை. 1948 ஜூன் 30ஆம் தேதி திருவனந்தபுரத்தில் காலமாகியிருந்தார்.

நேரில் பார்க்காத எழுத்தாளருக்கு, புதிதாகக் கற்ற மொழியில், ஓர் இளைஞர் மலர் போடுகிறார். தன் முதல் கதையான ‘முதலும் முடிவும்’ கதையையும் அதே மலரில் அச்சேற்றுகிறார். படித்தவன் படித்ததற்குத் தந்த பதில் அது. பின்னால் ‘ஒரு புளியமரத்தின் கதை’யாகவும் ‘ஜே.ஜே: சில குறிப்புக’ளாகவும் விளைந்த எழுத்து வாழ்க்கையின் தொடக்கம் ஒரு வாசகனின் எதிர்வினைதான்.

இளம் வாசகர் ஒருவர் தன் காலத்துக் கதையையோ கவிதையையோ படித்துவிட்டுச் சொல்லும் சொந்தக் கருத்துக்கு மதிப்பு உண்டா? தமிழ்க் கல்வித்துறை நெடுங்காலம் இதற்கு ‘இல்லை’ என்றே பதில் வைத்திருந்தது. வயது போதாது, பயிற்சி போதாது, பாடம் முடியட்டும் என்றது. ஆனால் நவீனத் தமிழ் விமர்சனத்தின் வேர்களைத் தோண்டினால் அகப்படுவது பெரும்பாலும் இருபது வயதுக்காரர்களின் கடிதங்களும் குறிப்புகளும்தான்.

சமகால எழுத்தைப் படிப்பதில் ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. கம்பனைப் படிப்பவனுக்கு உரை உண்டு, பதவுரை உண்டு, நூற்றாண்டுகளாகத் தலையாட்டிய கூட்டம் பின்னால் நிற்கிறது. போன மாதம் வந்த கவிதைத் தொகுப்பைப் படிப்பவனுக்கு அப்படி எந்தத் துணையும் இல்லை. அது நல்ல கவிதையா என்று யாரும் அவனுக்குச் சொல்லிவைக்கவில்லை. அவன் நெஞ்சு என்ன சொல்கிறதோ அதுதான் முதல் சாட்சி. அந்தச் சாட்சியை எப்படி விசாரிப்பது என்பதில்தான் இந்த விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

தமிழுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் உண்டு. நகை, அழுகை, அச்சம், உவகை என எட்டு மெய்ப்பாடுகளை அது பேசுகிறது. பள்ளியில் படித்த எல்லாருக்கும் அந்த எட்டு நினைவிருக்கும். அதற்கு அடுத்த படி பலருக்கு நினைவிருக்காது. தொல்காப்பியர் உணர்வின் பெயரைச் சொல்லிவிட்டு ஓய்ந்துவிடவில்லை. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணம் காட்டுகிறார். அழுகை என்றால் எந்த அழுகை? பிறர் இகழ்ந்ததால் வந்ததா, இழந்ததால் வந்ததா, முன்பிருந்த நிலையிலிருந்து சரிந்ததால் வந்ததா, வறுமையால் வந்ததா? எட்டுக்கு நான்காக முப்பத்திரண்டு. உரைமரபு இவற்றை நிலைக்களன் என்று சொல்கிறது. உணர்வு காலூன்றி நிற்கும் இடம்.

இன்றைய வாசகர் ஒருவர் ஒரு நாவலைப் படித்துவிட்டு ‘அழுதுவிட்டேன்’ என்று சொல்கிறார். அது பொய்யில்லை. ஆனால் மெய்ப்பாட்டியலின் கணக்கில் அவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். எந்த இடத்தில் அழுதார், அந்த அழுகை இழிவால் வந்ததா இழப்பால் வந்ததா என்ற மிச்சப் பாதி அவரிடமே தங்கிவிட்டது.

அந்த மிச்சப் பாதி எவ்வளவு சிக்கலானது என்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் ஒரு சோதனை வைத்துக் காட்டினார். 1920களில், தன் வகுப்புக்கு வந்தவர்களிடம் கவிதைகளை அச்சிட்டுக் கொடுத்தார். எழுதியவர் பெயர் கிடையாது. எந்தக் காலத்தது என்ற குறிப்பும் கிடையாது. வீட்டுக்கு எடுத்துப்போய், நிதானமாகப் பலமுறை படித்து, மனத்தில் பட்டதை எழுதித் தரவேண்டும். எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆங்கில இலக்கியம் படித்த மாணவர்கள். அப்படிச் சேர்ந்த குறிப்புகளைப் பதின்மூன்று கவிதைகளின்கீழ் வகைப்படுத்தி, எழுதிய மாணவர்களின் பெயர்களை மறைத்து, 1929இல் ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’ என்ற நூலாக வெளியிட்டார். முகம் தெரியாத இளம் வாசகர்களின் சொந்தக் கருத்துகளே ஒரு பெரிய நூலின் கச்சாப்பொருள் ஆனது அநேகமாக அதுதான் முதல்முறை.

முடிவு ஆசிரியர்களை அதிரவைத்தது. ஜான் டன், ஹாப்கின்ஸ் போன்ற பெரிய கவிகளைப் பெயரில்லாமல் படித்த பலர் தள்ளிவிட்டார்கள். இன்று யாருக்கும் நினைவில்லாத சிலரின் பாட்டுகள் பாராட்டுப் பெற்றன. டி.எச். லாரன்ஸ் எழுதிய ‘பியானோ’ கவிதைக்கு நேர்ந்தது குறிப்பாகப் பார்க்கத்தக்கது. வளர்ந்த ஆண் ஒருவன் ஒரு பெண் பாடுவதைக் கேட்கிறான். அம்மா பியானோ வாசிக்க, அதன் அடியில் உட்கார்ந்திருந்த தன் குழந்தைப் பருவத்துக்குத் தன்னை அறியாமல் இழுக்கப்படுகிறான். இது வெறும் அழுகுணிப் பாட்டு என்று பெரும்பாலானவர்கள் ஒதுக்கினார்கள். அந்த இழுப்பை அவன் எதிர்த்துப் போராடுவதும் கவிதைக்குள்ளேயே இருக்கிறது என்பது அவர்கள் கண்ணில் படவில்லை. ‘அம்மா, வீடு, ஞாயிற்றுக்கிழமை மாலை’ என்ற சாமான்களைக் கண்டதும் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள்.

ரிச்சர்ட்ஸ் வாசகர்கள் இடறும் இடங்களைப் பத்தாகப் பிரித்தார். வரியின் நேர்ப்பொருளே பிடிபடாமல் போவது முதலாவது. ஏற்கெனவே மனத்தில் தயாராக வைத்திருக்கும் உணர்ச்சியைக் கவிதைமேல் ஏற்றிவிடுவது இன்னொன்று. கவிதை ஏதோ ஒரு சொந்த நினைவைக் கிளறிவிட, வாசகன் அந்த நினைவின் பின்னாலேயே போய்விட்டுக் கவிதைக்குத் திரும்பி வராமலிருப்பது வேறொன்று. இந்தக் கடைசி வகை எல்லா மொழி வாசகருக்கும் தெரிந்ததுதான். கிணற்றைப் பற்றிய கவிதையைப் படிக்கிறோம். தாத்தா வீட்டுக் கிணறு ஞாபகம் வருகிறது. பிறகு பேசுவதெல்லாம் தாத்தா வீட்டைப் பற்றி.

ஆனால் அந்த நினைவைக் குற்றமாக மட்டுமே பார்ப்பதா? அமெரிக்கக் கல்வியாளர் லூயிஸ் ரோசன்பிளாட் 1938இல் ‘லிட்ரேச்சர் ஆஸ் எக்ஸ்ப்ளொரேஷன்’ நூலில் வேறு வழி காட்டினார். தாளில் இருப்பது எழுத்துதான். படிப்பவரும் அந்த எழுத்தும் சந்திக்கும் நேரத்தில்தான் கவிதை நிகழ்கிறது என்பது அவர் நிலைப்பாடு. தாத்தா வீட்டுக் கிணறு வரட்டும், தடுக்க வேண்டாம். வந்த பிறகு மறுபடி கவிதைக்குப் போய், இந்தக் கிணறும் அந்தக் கிணறும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று பார்க்க வேண்டும். போவது பிழையில்லை; திரும்பாததுதான் பிழை. ரிச்சர்ட்ஸையும் ரோசன்பிளாட்டையும் எதிரெதிராக நிறுத்துவது வழக்கம். இளம் வாசகருக்கு இருவரும் சேர்ந்தே தேவைப்படுகிறார்கள்.

இங்கே நம் வகுப்பறைக்கு வரவேண்டும். மேல்நிலைப் பள்ளித் தமிழ்ப் பாடத்தில் ‘நயம் பாராட்டுக’ என்றொரு வினா உண்டு. பாடத்தில் வராத ஒரு பாட்டைக் கொடுத்து, அதன் நயங்களை எழுதச் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தால் ரிச்சர்ட்ஸ் வைத்த அதே சோதனைதான் இது. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பதின்வயதினர் ஒரு கவிதையின் முன்னால் தனியாக உட்காரவைக்கப்படுகிறார்கள். எளிதில் வாய்க்காத வாய்ப்பு.

அந்த வாய்ப்பு வீணாகும் விதம் எல்லாருக்கும் தெரியும். திரண்ட கருத்து, மையக் கருத்து, மோனை நயம், எதுகை நயம், இயைபு, அணி நயம், சந்தம், சுவை எனத் துணைத்தலைப்புகள் முன்கூட்டியே மனப்பாடம். காட்டுக்கு யானை பாட்டுக்கு மோனை என்ற தொடர் எந்தப் பாட்டுக்கும் பொருந்தும், எழுதினால் மதிப்பெண். எதுகைக்கு இரண்டு சொல்லைப் பொறுக்கிப் போட்டால் போதும். சுவை என்ற தலைப்பின்கீழ் எட்டில் ஒன்றின் பெயரை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். தொல்காப்பியர் தந்த எட்டு அப்படியே இருக்கிறது. அவர் கேட்ட நான்கு காரணங்கள் காணாமல் போய்விட்டன. மாணவர் அந்தப் பாட்டைப் படிக்காமலேயே அதைப் பாராட்டிவிட முடிகிறது என்பதைவிட ஒரு தேர்வுமுறைக்கு வேறு என்ன குறை சொல்ல?

இந்தப் பயிற்சியோடு ஒருவர் கல்லூரிக்குள் நுழைந்து, எதுகையும் மோனையும் இல்லாத ஆத்மாநாமையோ சுகுமாரனையோ சுகிர்தராணியையோ முதன்முறை படித்தால் திகைக்காமல் என்ன செய்வார்? கையிலிருக்கும் சாவி எதுவும் அந்தப் பூட்டுக்குப் பொருந்தாது. ஒன்று, இது கவிதையே இல்லை என்று மூடிவைப்பார். அல்லது, புரியாததால் உயர்ந்தது என்று நம்பிவிடுவார். இரண்டுமே அந்தக் கவிதையோடு அவர் பேசவில்லை என்பதற்கு அடையாளம்.

இந்தத் திகைப்பை நேருக்கு நேர் எதிர்கொண்ட ஒரு சிற்றேடு தமிழில் இருந்தது. சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் சென்னையில் தொடங்கிய ‘எழுத்து’. வத்தலக்குண்டுக்காரரான செல்லப்பா அமெரிக்கப் புதுத் திறனாய்வு முறையை ஊன்றிப் படித்தவர். படைப்பைப் பிரித்து, வரி வரியாகப் பார்க்கும் முறைக்கு அவர் வைத்த பெயர் ‘அலசல்’. துணியை அலசுவதுபோல, தண்ணீரில் விரித்துப் பார்ப்பது. அழகான, வீட்டுச் சொல். அந்த ஏட்டின் சந்தாதாரர்கள் சில நூறு பேர்தான். ஆனால் அந்தச் சில நூறு பேரில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், வயது கேட்கப்படாது என்பதே அதன் பலமாக இருந்தது.

‘எழுத்து’ ந. பிச்சமூர்த்தியின் ‘பெட்டிக்கடை நாரணன்’ கவிதையை மறுபடி அச்சிட்டது. 1959 மார்ச் இதழில் ‘உன் கை நகம்’ வந்தது, எழுதியவர் பசுவய்யா. எட்டு ஆண்டுகளுக்கு முன்னால் நினைவு மலர் போட்ட அதே சுந்தர ராமசாமி, இப்போது கவிஞராக வேறு பெயரில். 1960இல் திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு வந்து சேர்ந்தார். 1939 ஏப்ரலில் பிறந்தவர். அப்போது இருபது வயது. பின்னாளில் பிரமிள் என்று தமிழுலகம் அறிந்த அந்த இளைஞர் கவிதையோடு நிற்காமல், தன்னைவிட ஒரு தலைமுறை மூத்தவர்களின் படைப்புகளைப் பற்றி விமர்சனமும் எழுதினார். 1907இல் பிறந்த மௌனியின் கதைத் தொகுப்புக்கு முன்னுரை எழுதும் தகுதி, இளமையிலேயே, அந்த வாசிப்பால்தான் அவருக்கு வந்தது. கடல் கடந்த ஊரில் இருந்த ஓர் இளம் வாசகர், தமிழ்நாட்டின் மிகக் கடினமான சிறுகதை ஆசிரியரைத் தமிழ்நாட்டுக்கே விளக்கினார்.

உடையாளூரைச் சேர்ந்த வெங்கட் சாமிநாதனும் அப்படித்தான். ஒடிசாவின் ஹிராகுட் அணைத் திட்டத்தில் வேலை, பிறகு டெல்லி. தமிழ் இலக்கிய வட்டாரம் எதற்கும் அருகில் இல்லாத அரசாங்க ஊழியர். ‘எழுத்து’ வழியாகத்தான் அவரும் உள்ளே வந்தார். பாலை, வாழை என்ற உருவகங்களை வைத்துத் தமிழ்ப் பண்பாட்டைப் பற்றி அவர் செய்த விசாரணையோடு உடன்படுவதும் சண்டை போடுவதும் இன்றுவரை நிற்கவில்லை. பேராசிரியப் பட்டம் எதுவும் இல்லாமல், படித்ததில் எது தன்னை உறுத்தியது என்பதிலிருந்தே அவர் தொடங்கினார்.

இவர்கள் அனைவரும் எழுதியதில் தவறுகள் உண்டு. அவசரம் உண்டு. தனிப்பட்ட கோபம் கொப்பளிக்கும் பக்கங்களும் உண்டு. பிரமிளைப் படித்தவர்கள் அறிவார்கள். ஆனாலும் அறுபது ஆண்டு கழித்து அந்தப் பக்கங்கள் உயிரோடிருக்கக் காரணம், ‘பிடித்தது’, ‘பிடிக்கவில்லை’ என்பதோடு அவை முடிந்துவிடாததுதான். படைப்பில் எந்த இடம் என்று விரல் வைத்தன. ரசனையை அளவுகோலாக முன்வைத்த க.நா. சுப்ரமண்யம் பட்டியல் போட்டுக் கொடுத்தபோது, அது தேர்ந்த வாசகரின் முடிவு என்று நம்பிப் பலர் அந்தப் புத்தகங்களைத் தேடிப் படித்தார்கள். தமிழுக்கு அது பெரிய நன்மை. ஆனால் பட்டியல் முடிவைத்தான் தரும். முடிவுக்கு வந்த வழியைத் தராது. அலசல் வழியைத் தந்தது. இளையவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார்கள்.

வாசகனின் இந்தத் தவிப்பையே கதையாக்கிய நாவலும் தமிழில் இருக்கிறது. 1981இல் வெளிவந்த ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’. ஜோசப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளன் 1960 ஜனவரி 5ஆம் தேதி இறக்கிறான். பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு கார் விபத்தில் இறந்ததற்கு மறுநாள். அப்படி ஓர் எழுத்தாளன் உண்மையில் இருந்தானா என்று கேட்டவர்கள் உண்டு. கதையைச் சொல்பவன் பாலு, தமிழன், ஜே.ஜே.யைப் படித்து ஆட்பட்டவன். தன் ஆதர்ச எழுத்தாளனை நேரில் சந்திக்கும்போது, ஜே.ஜே. அவனிடம் விசாரிப்பது ஒரு தமிழ்த் தொடர்கதை நாயகியின் சபதத்தைப் பற்றி. ஒரு மொழியின் வாசிப்புத் தரத்தையே கூனிக்குறுக வைக்கும் கேள்வி. அந்த அவமானத்தில்தான் பாலு தான் யார், எதைப் படிக்கிறான், ஏன் படிக்கிறான் என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். ஓர் இளைஞன் புத்தகத்தின் முன்னால் அடையும் பரவசமும் கூச்சமும் பொறாமையும் இவ்வளவு நேர்மையாகத் தமிழில் வேறெங்கும் பதிவாகவில்லை என்பதே இக்கட்டுரையின் கணிப்பு.

இதுவரை சொன்னது நாகர்கோவிலுக்கும் டெல்லிக்கும் கடிதம் போய்வந்த ஆண்களின் கதை. கடிதமே எழுத முடியாத இடத்தில் இருந்தவர்கள்?

திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் 1968இல் பிறந்த சல்மாவின் பள்ளிப்படிப்பு பதின்மூன்று வயதில் நின்றது. வயதுக்கு வரும் பெண்ணை வீட்டுக்குள் வைப்பது ஊர் வழக்கம். வெளியுலகத்துக்கு ஒரு ஜன்னல். மளிகைச் சாமான் மடித்து வரும் தாளைக்கூட விரித்துப் படித்ததாக அவர் சொல்லியிருக்கிறார். கிடைத்த புத்தகங்களைப் பற்றிப் பேச ஆளில்லை, விவாதிக்க வட்டமில்லை, பத்திரிகைக்குக் கருத்து எழுதினால் வீட்டில் பிரளயம். திருமணத்துக்குப் பிறகு இரவில் ஒளிந்து எழுதி, தாயின் உதவியோடு கவிதைகளை வெளியே அனுப்பினார். கணவர் வீட்டாருக்குத் தெரியாமலிருக்கப் புனைபெயர். 2000இல் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ தொகுப்பும், 2004இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவலும் வந்தன.

அவர் படித்தவற்றுக்குக் கொடுத்த எதிர்வினை எங்கே என்று தேடினால், அவர் எழுதியவற்றுக்குள்தான் இருக்கிறது. தன்னைப் போன்றவர்கள் தான் படித்த புத்தகங்களில் எங்கே என்ற கேள்வியை அவருடைய ஒவ்வொரு பக்கமும் கேட்கிறது. இல்லாததைக் கவனிப்பதும் வாசிப்புதான். ரிச்சர்ட்ஸின் பத்துத் தடைகளில் இதற்கு இடமில்லை. படிப்பதற்கே ஒரு தாள் கிடைக்காத வாசகரை அவர் கற்பனை செய்திருக்க வாய்ப்பில்லை.

யார் படிக்கிறார் என்பது எவ்வளவு தூரம் முக்கியம் என்பதற்கு இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ ஓர் உரைகல். 1994இல் க்ரியா வெளியீடாக வந்தபோது ஆசிரியருக்கு வயது முப்பது. காலனி மக்களுக்குத் துணி வெளுத்து, இரவில் வீடு வீடாகச் சோறு வாங்கி வாழும் புதிரை வண்ணார் குடும்பத்தின் ஆரோக்கியம்தான் மையம். சுந்தர ராமசாமி மிக உயர்ந்த சொற்களில் வரவேற்றார். தலித் விமர்சகர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். ஒடுக்கப்பட்டவர்களுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வை இப்படிக் காட்டுவது யாருக்குப் பயன்படும் என்று கேட்டார்கள்.

இன்று அந்த நாவலை முதன்முறை படிக்கும் கல்லூரி மாணவிக்கு இரண்டு தரப்பும் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் ஆரோக்கியம் சோற்றுக்காக வாசலில் நிற்கும் இடத்தில் தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். வாசலுக்கு உள்ளேயா, வெளியேயா? சோறு போடும் கையா, பாத்திரம் ஏந்தும் கையா? இரக்கம் வருகிறது என்றால் அந்த இரக்கம் எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு இறங்குகிறது? இந்தக் கேள்விகளைக் கேட்டுவிட்டு அவள் எழுதும் ஒரு பக்கக் குறிப்பு, இரு தரப்பு வாதங்களையும் தொகுத்துத் தரும் இருபது பக்க ஆய்வேட்டைவிட மேலானது. வீட்டுக் கதையை அவள் சொல்லவே வேண்டியதில்லை. எங்கிருந்து பார்க்கிறாள் என்பது சொற்களில் தானாகத் தெரியும்.

இன்று இளைஞர்கள் படிப்பதில்லை என்ற புலம்பல் மிகை. புத்தகக் காட்சிகளில் நிற்கும் முகங்களைப் பார்த்தால் தெரியும். கருத்துச் சொல்வதற்கும் அவர்கள் தயங்குவதில்லை. முந்தைய எந்தத் தலைமுறையையும்விட அதிகமாகச் சொல்கிறார்கள். குறைவது ‘எங்கே, ஏன்’ என்ற அந்த மிச்சப் பாதி மட்டும்தான். அட்டைப்படத்தோடு ஐந்து நட்சத்திரம், ‘மனதை உலுக்கியது’, ‘கட்டாயம் வாசிக்க வேண்டிய நூல்’ என்று நின்றுவிடுகிறது. இவை காட்டுக்கு யானை பாட்டுக்கு மோனையின் பேரப்பிள்ளைகள். எந்தப் புத்தகத்துக்கும் பொருந்துவதால் எந்தப் புத்தகத்தையும் பற்றியவை ஆகாமல் போகின்றன.

தமிழாசிரியர்களால் இதை மாற்ற முடியும். பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். வாரம் ஒருநாள், தலைப்புகள் இல்லாமல், கவிஞர் பெயர் இல்லாமல், உயிரோடிருக்கும் ஒரு கவிஞரின் பன்னிரண்டு வரிகளைக் கரும்பலகையில் எழுதிப்போடுங்கள். எந்த வரியில் நின்றாய், ஏன் நின்றாய் என்ற இரண்டே கேள்விகளைக் கேளுங்கள். மாணவர் எழுதித் தருவதற்கு மதிப்பெண் போடாதீர்கள். பெயரை மறைத்து வகுப்பில் படித்துக் காட்டுங்கள். ஒரே வரியில் ஒருவர் சிரித்ததையும் இன்னொருவர் பயந்ததையும் அவர்கள் காதால் கேட்கட்டும்.

நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் அதற்கு ஒரு பாடவேளை போதும்.